மிதக்குமா, முங்குமா: பாட்டு, நீர்த்தொட்டி, ஓவியம் மூன்றையும் ஐந்து நாளில் கோத்து நடத்தும் முறை

மூன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள நான்கு குழந்தைகளும் ஒரு பெரியவரும் சேர்ந்து செய்வதற்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டது. வீட்டில் ஒரே குழந்தையோடும் இதைச் செய்யலாம். பாட்டு, கையால் செய்து பார்த்தல், ஓவியம் ஆகிய மூன்றையும் தனித்தனி வகுப்புகளாக வைக்காமல், நீரில் எது மிதக்கும், எது முங்கும் என்ற ஒரே கேள்வியைச் சுற்றி ஐந்து நாள்களுக்கு அடுக்குகிறோம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும்.

புதிதாக இதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது பொருள்களில் இல்லை, வரிசையில்தான். பாட்டில் பதிலைச் சொல்லிவிட்டுத் தொட்டியைத் திறக்கிறார்கள். மாதிரிப் படத்தைக் காட்டிவிட்டுத் தாளைக் கொடுக்கிறார்கள். குழந்தையின் கை போய்ச் சேரும் முன்பே விடை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், மிச்சமிருப்பது பார்த்துச் செய்தல் மட்டுமே. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த விடையைச் சற்றுத் தள்ளி வைப்பதற்காக அமைந்தது.

1. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

அகலமான, ஆழம் குறைந்த, வெளிர்நிறத் தொட்டி ஒன்று வேண்டும். அடியில் கிடக்கும் பொருள் தெளிவாகத் தெரிய வெளிர்நிறம் உதவும். தொட்டியின் விளிம்பு குழந்தையின் இடுப்பளவு உயரத்தில் இருக்கும்படி தாழ்ந்த மேசைமேல் வையுங்கள். தரையில் வைத்தால் குழந்தைகள் குந்தியிருந்து கால் கடுத்து எழுந்துவிடுவார்கள். உயரமாக வைத்தால் பார்க்க முடியுமே தவிரக் கையை முழுதாக விட முடியாது.

பொருள்கள் எட்டு போதும்: உள்ளங்கை அளவுக் கல், குழந்தை இரு கையாலும் தூக்க வேண்டிய மரக்கட்டை, எஃகு ஸ்பூன், இலை, ஸ்பாஞ்ச், தடித்த மெழுகுவத்தி, ஜாடியின் உலோக மூடி, திருகு மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் புட்டி. இந்தத் தேர்வுக்கு ஒரு காரணம் உண்டு. கனமானது முங்கும், லேசானது மிதக்கும் என்பதுதான் இந்த வயதுக் குழந்தைகள் பலரும் தாமாகவே கொள்ளும் எண்ணம். கல்லும் இலையும் அதை உறுதிப்படுத்தும். கனமான கட்டை மிதப்பதும் அதைவிட லேசான ஸ்பூன் முங்குவதும் அந்த எண்ணத்தை அசைக்கும். ஸ்பாஞ்ச் முதலில் மேலே நிற்கும்; நீரை உறிஞ்சிய பிறகு மெல்லத் தாழும். உலோக மூடியோ, வைக்கும் விதத்தைப் பொறுத்து மிதக்கவும் செய்யும், முங்கவும் செய்யும். எளிதில் விடை தராத இத்தகைய பொருள்கள் தொட்டியில் இல்லாவிட்டால் விளையாட்டு ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும்.

முந்தைய நாள் இரவே எல்லாவற்றையும் நீங்கள் ஒருமுறை நீரில் போட்டுப் பாருங்கள். கருங்காலி போன்ற அடர்ந்த மரங்கள் நீரில் முங்கும் என்பதைக் குழந்தைகளின் முன்னால் அறிந்துகொள்வது சங்கடமானது. ஒரு பொருள் தன் பருமனுள்ள நீரைவிடக் கனமாக இருந்தால் முங்கும், லேசாக இருந்தால் மிதக்கும் என்ற விளக்கம் உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதும். அதை இந்த வாரம் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

இவை தவிர, எண்ணெய்ப் பதமுள்ள விளையாட்டுக் களிமண், கிரேயான், தடித்த தாள், அகலத் தூரிகை, மிக நீர்க்கக் கரைத்த நீர்வண்ணம், துண்டுகள், மாற்றுச் சட்டை ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மண்பாண்டக் களிமண் நீரில் கரைந்து தொட்டியைக் கலக்கிவிடும் என்பதால் அதைத் தவிருங்கள்.

2. பாதுகாப்பை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்

சில சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரிலும் சிறு குழந்தை மூழ்கி உயிரிழக்கக்கூடும். தொட்டியில் நீர் இருக்கும் வரை பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தொலைபேசி அடித்தாலும், கதவு தட்டப்பட்டாலும் நகரக்கூடாது. 8 சென்டிமீட்டர் ஆழ நீர் இந்த வேலைக்கு மிகப் போதுமானது. முடிந்ததும் முதலில் நீரைக் கொட்டுங்கள், பிறகு குழந்தைகளைத் துடையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கழிப்பறைத் தாள் சுருளின் நடுவிலுள்ள அட்டைக்குழாயை எடுத்து ஒவ்வொரு பொருளையும் அதற்குள் விட்டுப் பாருங்கள். முழுதாக உள்ளே போகும் எதையும், முக்கியமாக மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகள் அருகில் இருந்தால், விலக்கிவிடுங்கள். புட்டியின் மூடி, கிரேயான் துண்டு ஆகியவையும் இந்தக் கணக்கில் அடங்கும். பொத்தான் மின்கலம் உள்ள பொம்மைகளும் சிறு காந்தங்களும் தொட்டியின் பக்கமே வரக்கூடாது.

3. முதல் இரண்டு நாள்: பாட்டு மட்டும், அதுவும் பாதி

தொட்டியை இன்னும் வெளியே எடுக்காதீர்கள். வெறுங்கையோடு வட்டமாக உட்கார்ந்து இந்த நான்கு வரிகளை மட்டும் பாடுங்கள்:

தண்ணித் தொட்டி, தண்ணித் தொட்டி,
என்ன போடலாம்?
கல்லு ஒண்ணு போட்டுப் பார்த்தா
என்ன ஆகலாம்?

பாட்டு கேள்வியோடு நின்றுவிடுவது வேண்டுமென்றே செய்தது. இதன் பின்பாதியை, அதாவது கல் என்ன ஆயிற்று என்பதை, குழந்தைகள் தாங்களாகப் பார்த்த பிறகே சேர்ப்போம். இசைப்பதில் ஆர்வமுள்ள ஆசிரியர்களுக்கு இங்கே நிறுத்துவது கடினமாக இருக்கும். நிறுத்தினால் மட்டுமே மூன்றாம் நாள் குழந்தைகள் தொட்டிக்கு அருகில் கேள்வியோடு வருவார்கள்.

இரண்டு நாள் முன்னதாகவே தொடங்குவதற்கும் காரணம் உண்டு. சொற்கள் வாயில் பழகியிருந்தால், தொட்டி வரும் நாளில் குழந்தையின் கவனம் முழுவதும் கைக்குக் கிடைக்கும். புதுப் பாட்டையும் புதுப் பொருளையும் ஒரே நாளில் கொடுத்தால், குழந்தைகள் நீரைப் பார்ப்பார்கள், நீங்கள் தனியே பாடிக்கொண்டிருப்பீர்கள்.

அசைக்கு ஒரு தட்டாகக் கை தட்டுங்கள்: தண், ணித், தொட், டி. வேகத்தைக் குழந்தைகளின் கையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவோடு சேர்ந்து பாட வைப்பது இந்த இடத்தில் பொருந்தாது. பதிவு யாருக்காகவும் நிற்காது, நமக்கோ நிறுத்தங்கள்தான் வேண்டும். இரண்டாம் நாள் 'கல்லு' என்ற சொல் வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். யாராவது ஒருவர் 'பந்து' என்பார், இன்னொருவர் 'யானை' என்பார். இரண்டையும் போட்டுப் பாடுங்கள். சொல்லை மாற்றினாலும் பாட்டு உடையவில்லை என்று குழந்தை அறிந்துகொள்ளும் தருணம் அது.

பேச்சுத் தமிழில் பாட்டு இருப்பதைக் கண்டு சிலர் தயங்குகிறார்கள். குழந்தை வீட்டில் கேட்கும் மொழியில்தான் அதன் காது கூர்மையாக இருக்கும். எழுத்துத் தமிழ் கதைகளின் வழியாகப் பின்னால் வந்து சேரும்.

4. மூன்றாம் நாள்: தொட்டி

முதல் ஐந்து நிமிடம் வெறும் நீர் மட்டும் இருக்கட்டும். கை விடுதல், அடித்தல், தெறித்தல் ஆகிய ஆசைகள் அடங்கட்டும். இந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காமல் நேரே பொருள்களை வைத்தவர்களின் தொட்டியில் பொருள்கள்தான் அடி வாங்கின.

பிறகு பொருள்களை ஒரு தட்டில் வெளியே வைத்து, ஒவ்வொரு குழந்தையையும் ஒன்றை எடுத்துக் கையில் தாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நீரில் போடும் முன் "இது என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். வாயால் சொல்லத் தயங்கும் குழந்தை உள்ளங்கையை மேலே உயர்த்தியோ கீழே தாழ்த்தியோ காட்டலாம். முன்னதாக ஊகித்துச் சொன்ன குழந்தை போட்ட பிறகு உற்றுப் பார்க்கிறது. ஊகிக்காத குழந்தை அடுத்த பொருளுக்குத் தாவிவிடுகிறது. நான் நடத்திய எல்லாக் குழுக்களிலும் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பொருளை எறியாமல், நீரின்மேல் வைத்துக் கையை எடுக்கப் பழக்குங்கள். எறிந்தால் மிதப்பதும் ஒரு கணம் உள்ளே போய் வருவதால் குழந்தை குழம்பும்.

உலோக மூடியைக் கடைசியாகக் கொடுங்கள். நாலரை வயதுச் சிறுமி ஒருத்தி அதை மெல்ல வைத்தாள். அது படகுபோல நின்றது. "நிக்குது" என்றாள். ஒரு விரலால் விளிம்பைத் தட்டினாள். சிறிது நீர் உள்ளே வந்தது, மூடி இன்னும் நின்றது. மறுபடியும் தட்டினாள், நீர் ஒரு பக்கம் திரண்டு, மூடி சாய்ந்து, அடிக்குப் போனது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மூடியை எடுத்து, கவிழ்த்து நீரை வடித்து, திரும்ப வைத்தாள். இப்படிப் பத்துத் தடவைக்கு மேல் செய்தாள். ஒவ்வொரு முறையும் தட்டும் இடத்தை மட்டும் மாற்றினாள். கடைசியில் பக்கத்திலிருந்த பையனிடம், "உள்ள தண்ணி வந்தா முங்கும், வரலன்னா முங்காது" என்று சொல்லிக்கொடுத்தாள். அந்த நேரத்தில் நான் "ரொம்ப நல்லா செய்யற, கண்ணு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தாலும் அவள் மூடியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

குழந்தைகள் கையை வெளியே எடுத்துத் துடைக்கத் தொடங்குவது ஆர்வம் தணிந்ததன் அடையாளம். அப்போது முடித்துவிடுங்கள். முடிக்கும் முன் ஒரே ஒரு முறை பாட்டைப் பாடி, கேள்வியில் நிறுத்துங்கள். பின்பாதி அவர்கள் வாயிலிருந்தே வரும். எங்கள் குழுவில் அது இப்படி அமைந்தது:

முங்கிப் போச்சு, முங்கிப் போச்சு,
அடியில் நின்னாச்சு!
மிதந்து வந்து, மிதந்து வந்து,
மேலே நின்னாச்சு!

உங்கள் குழந்தைகள் வேறு சொற்களைச் சொன்னால் அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள், தாளம் சற்று இடறினாலும் பரவாயில்லை.

5. தொட்டி அருகில் எப்படிப் பேசுவது

இந்தப் பகுதியைத் தனியாக வைத்ததற்குக் காரணம், மற்ற எல்லாப் படிகளையும் சரியாகச் செய்தவர்களும் இங்கே தடுமாறுவதுதான்.

கேள்வி கேட்டபின் மூன்று நொடியாவது காத்திருங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு நொடி மட்டுமே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்கிறவர்களின் எண்ணிக்கையும் கூடியது. இளங்குழந்தைக்கு அதைவிடக் கூடுதலாகவும் தேவைப்படும். மனத்துக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுவது எளிய வழி.

"ஏன் மிதக்குது?" என்று இந்த வயதில் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குக் குழந்தையிடம் விடை இல்லை. பெரியவருக்குப் பிடித்த சொல் ஏதாவது கிடைக்குமா என்று தேடத் தொடங்கிவிடும். "என்ன பார்த்த?", "இன்னொரு தடவை போட்டா அப்படியே ஆகுமா?", "இதை முங்க வைக்க முடியுமா?" ஆகிய மூன்றும் கையை மீண்டும் நீருக்குள் அனுப்பும் கேள்விகள். இவற்றில் கடைசிக் கேள்விதான் மிகவும் பயனுள்ளது. திருகு மூடியுள்ள புட்டியை எடுத்து, நீர் நிரப்பி, பாதி கொட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்க அது ஒன்றே போதும்.

தவறாக ஊகித்த குழந்தையிடம் "தப்பு" என்று சொல்லவே வேண்டாம். நீரே சொல்லிவிடும். சரியாக ஊகித்தவரைப் பாராட்டினாலும் கெடுதல்தான்: அடுத்த முறை எல்லாரும் அவர் சொல்வதையே திரும்பச் சொல்வார்கள்.

குழந்தை 'முங்கிடுச்சு' என்றால் அதை 'மூழ்கிவிட்டது' என்று திருத்தாமல் விடுங்கள். நீங்கள் பேசும்போது ஓரிரு முறை 'மூழ்கிடுச்சு' என்று இயல்பாகச் சொன்னால், ஒரு பொருளுக்கு இரண்டு சொல் உண்டு என்பது தானாகப் பதியும்.

6. நான்காம் நாள்: களிமண்

ஒவ்வொருவருக்கும் எலுமிச்சை அளவு உருண்டையைக் கொடுத்து நீரில் வைக்கச் சொல்லுங்கள். முங்கும். பிறகு ஐந்தாம் பகுதியின் கடைசிக் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "இதை மிதக்க வைக்க முடியுமா?"

தட்டையாக்குவார்கள், பிய்ப்பார்கள், சிறு துண்டாக்குவார்கள், எல்லாம் முங்கும். நேற்று உலோக மூடியோடு நேரம் செலவிட்ட குழந்தைதான் பெரும்பாலும் முதலில் விளிம்பை உயர்த்திக் கிண்ணமாக்குகிறது. அதே களிமண் கிண்ணமானதும் அதிக நீரை விலக்கித் தள்ளுவதால் மிதக்கிறது. உருண்டை பிடித்தல், கிள்ளுதல், விளிம்பு எழுப்புதல் ஆகியவை பின்னால் பென்சில் பிடிக்கவிருக்கும் விரல்களுக்கும் வலுவூட்டும்.

யாருக்குமே கைகூடாவிட்டால் நீங்கள் செய்து காட்டாதீர்கள். களிமண்ணை மூடி வைத்துவிட்டு மறுநாள் திரும்பக் கொடுங்கள். ஒருநாள் இடைவெளிக்குப் பின் கிண்ணம் செய்த குழந்தைகளைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

7. ஐந்தாம் நாள்: ஓவியம்

ஓவியத்தைத் தொட்டி நாளிலேயே வைக்கக்கூடாது. ஈரக் கை, களைத்த குழந்தை, நனையும் தாள் என்ற தொல்லைகள் ஒரு பக்கம் இருக்க, நினைவிலிருந்து வரையும்போது குழந்தை தனக்கு முக்கியமாகப் பட்டதைத் தேர்ந்தெடுக்கும் என்பதே பெரிய காரணம்.

தாளின் நான்கு மூலைகளையும் மேசையோடு டேப் போட்டு ஒட்டுங்கள்; சறுக்கும் தாளைப் பிடிப்பதிலேயே குழந்தையின் ஒரு கை தீர்ந்துவிடும். மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் அருகில் இல்லாதபோது மட்டும், கிரேயானை உடைத்துச் சிறு துண்டாகக் கொடுத்தால் முழுக் கையால் பற்ற இடமிராது. விரல் நுனிகள் தாமாகவே வேலைக்கு வரும். "தொட்டியில பார்த்த ஏதாவது ஒண்ணை அழுத்தி வரையுங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதீர்கள். பிறகு நீர்த்த நீலத்தைத் தூரிகையால் தாள் முழுதும் பூசச் சொல்லுங்கள்.

கிரேயானின் மெழுகு நீரை ஏற்காது. வண்ணம் கோட்டின்மேல் நிற்காமல் இருபுறமும் விலகி ஓடும். இதை முன்கூட்டியே சொல்லி "மாயம் பாருங்க" என்று அழைக்க வேண்டாம். தொட்டியில் மெழுகுவத்தியை எடுத்தபோது நீர் முத்துமுத்தாக உருண்டதைப் பார்த்த குழந்தை, "மெழுகுவத்தி மாதிரி ஓடுது" என்று சொல்லக்கூடும். வண்ணம் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும், மெல்லிய தாள் கிழிந்துவிடும். இந்தப் படி பலருக்குப் பலிக்காமல் போவது இவ்விரண்டினால்தான்.

மாதிரிப் படம் வைக்காதீர்கள். வட்டத்தைப் பார்த்து வரைவது ஏறத்தாழ மூன்று வயதிலும், குறுக்கும் நெடுக்குமான கூட்டல் குறி நான்கு வயதிலும், சதுரம் அதற்குப் பிறகும், முக்கோணம் ஐந்து வயதையொட்டியும் கைவருகின்றன. பெரியவர் வரைந்த படகின் முன் மூன்றரை வயதுக் குழந்தை தன் வட்டத்தைத் தோல்வியாகவே காணும். தலையிலிருந்து நேரே கால் முளைத்த மனிதர்கள் வந்தால் அது அந்த வயதின் இயல்பு. கழுத்தையும் வயிற்றையும் நினைவூட்ட வேண்டாம்.

ஒரு பையன் கல்லை வரைந்து, அதன்மேல் கறுப்பையும் நீலத்தையும் மாறி மாறிப் பூசி, தாளை முழுக்க இருட்டாக்கிவிட்டான். உதவிக்கு வந்திருந்த இளம் ஆசிரியர் தாளைக் காப்பாற்றக் கையை நீட்டினார், நான் தடுத்தேன். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேட்டபோது, "கல்லு அடியில இருக்கு, மேல எல்லாம் தண்ணி" என்றான். அந்தத் தாள் பாழானதாகத் தோன்றியது எங்களுக்குத்தான்.

"இது என்ன?" என்ற கேள்வி வரைந்தது தெளிவாக இல்லை என்று குழந்தைக்குச் சொல்லிவிடும். "சொல்லேன்" என்று கேட்பது பாதுகாப்பானது. அது சொல்வதை, பேச்சு மொழியிலேயே, ஓர் எழுத்தும் மாற்றாமல் தாளின் பின்புறம் எழுதி விரல் வைத்துப் படித்துக் காட்டுங்கள். தான் சொன்னது எழுத்தாகி, அதே சொல்லாகத் திரும்பி வருவதை அப்போது குழந்தை பார்க்கிறது.

8. பாட்டுக்குத் திரும்பி, ஒலியைக் கேட்கப் பழக்குதல்

ஓவியம் காயும் நேரத்தில் பாட்டை முழுதாகப் பாடி, அதிலிருந்து சொற்களை எடுத்து ஒலி விளையாட்டு ஆடுங்கள். பொருள் தெரிந்த சொல்லில்தான் குழந்தையால் ஒலியைப் பிரித்துக் கேட்க முடியும்; அதனால் இது கடைசியில் வருகிறது. லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்டும் 1983இல் வெளியிட்ட ஆய்வு, நான்கைந்து வயதில் ஒத்த ஒலியுள்ள சொற்களை இனம் காணும் திறனுக்கும் பின்னாளில் வாசிக்கும் திறனுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

முதலில் கைதட்டி அசை எண்ணுங்கள். அடுத்து ஒரே ஒலியில் தொடங்கும் சொற்கள்: கல்லு, கட்டை, கண்ணு. பிறகு இயைந்து முடிபவை: கட்டை, முட்டை, மொட்டை. இந்த மூன்றும் எளிதான பிறகு மட்டுமே குறில் நெடிலுக்குப் போகலாம். தொட்டியில் கிடந்த 'மூடி'யையும் தலையிலுள்ள 'முடி'யையும் சொல்லி, குறிலுக்குக் கையைக் குறுக்கியும் நெடிலுக்கு அகல விரித்தும் காட்டச் சொல்லுங்கள். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்ற கணக்கு உடம்பில் பதிய இதைவிட நேரான வழியை நான் கண்டதில்லை. உயிரின் நீளம் மாறாமல் மெய் மட்டும் இரட்டிக்கும் 'இலை', 'இல்லை' என்ற இணையை அதன் பின் சேர்த்துக்கொள்ளலாம். எழுத்து வடிவங்களை இங்கே கொண்டுவராதீர்கள். காது முதலில் உறுதிப்படட்டும்.

9. குறித்து வைத்தல்

அன்றன்றே, ஒரு குழந்தைக்கு இரண்டு வரி: என்ன செய்தது, என்ன சொன்னது. 'நன்றாகச் செய்தான்' என்பது ஒரு வாரம் கழித்து எதையும் நினைவூட்டாது. 'ஸ்பாஞ்சை நீருக்குள் அமுக்கி, குமிழி வருவதை நான்கு முறை பார்த்தாள்' என்ற குறிப்பு அந்தக் குழந்தைக்கு அடுத்து என்ன கொடுப்பது என்று சொல்லிவிடும்: அவளுக்குத் துளையிட்ட டப்பாவும் குழாயும் வேண்டும்.

10. அடுத்த வாரம்

புதுத் தலைப்புக்கு ஓடாதீர்கள். அதே தொட்டி, அதே பாட்டு. பொருள்களில் பாதியை மட்டும் மாற்றுங்கள். பழைய நான்கு பொருள்கள் இருக்கும்போதுதான் போன வாரம் தவறிய ஊகத்தைக் குழந்தை திருத்திக்கொள்ள முடியும். மற்ற நான்கையும் குழந்தைகளே தேடிக் கொண்டுவரட்டும். அட்டைக்குழாய்ச் சோதனையை அவர்கள் கையாலேயே செய்ய விடுங்கள். அவர்கள் கொண்டுவருவதில் காகிதமும் மண்கட்டியும் கட்டாயம் இருக்கும். மிதந்து நனையும் காகிதத்துக்கும் கரைந்துபோகும் மண்கட்டிக்கும் பாட்டில் புதிதாக ஒரு வரி தேவைப்படும். அந்த வரியையும் அவர்கள் சொல்லும் வரை காத்திருங்கள்.